இன்னும் எவ்வளவு நேரம்? தொலைபேசிக் காத்திருப்பை அறிவிக்கும் வழக்கத்தின் வரலாறு

தொலைபேசியில் காத்திருப்பவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கம் கால் சென்டர்களைவிடப் பழையது. ஆபரேட்டர்கள் கையால் இணைப்புக் கொடுத்த நாட்களிலேயே அது இருந்தது. அழைப்புகளை இயந்திரம் வரிசைப்படுத்தத் தொடங்கியபோது அது காணாமல் போனது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, கணிதத்தின் துணையோடும் உளவியலின் வற்புறுத்தலாலும் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் காத்திருந்தவர் காதில் விழுந்தது இசையும் மன்னிப்பும் மட்டும்தான்.

முதல் வணிகத் தொலைபேசி நிலையம் 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1882-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் இயங்கின. ஊருக்குள் பேசுவதில் காத்திருப்பு ஒரு பெரிய சிக்கலாக இல்லை. ஆபரேட்டர் எடுத்தவுடன் எண்ணைச் சொன்னால், அவர் பலகையில் கம்பியைச் செருகி இணைத்துவிடுவார். வெளியூருக்குப் பேசும்போதுதான் காத்திருப்பு வந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓடிய கம்பிகள் சில. பேச விரும்பியவர்கள் பலர். ஒரு கம்பியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பை ஒழுங்குபடுத்த உருவானதே ட்ரங்க் கால் முறை.

இந்தியாவில் 1980-கள் வரையிலும் வெளியூர்ப் பேச்சு என்றால் பெரும்பாலும் ட்ரங்க் கால்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் பேச வேண்டியவர் ட்ரங்க் புக்கிங்கை அழைத்து, ஊரையும் எண்ணையும் சொல்வார். குறிப்பிட்ட ஒருவர் வந்தால்தான் பேச வேண்டும் என்றால் அதை பிபி கால் என்று பதிய வேண்டும். ஆபரேட்டர் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு பதிவு எண்ணைத் தருவார். கூடவே, ‘மதுரைக்கு ரெண்டு மணி நேரம் டிலே இருக்கு சார், ஆர்டினரியா, அர்ஜென்ட்டா?’ என்று கேட்பார். சாதாரண அழைப்புக்கு ஒரு கட்டணம், அர்ஜென்ட்டுக்கு இரட்டிப்பு, லைட்னிங் என்றால் எட்டு மடங்கு. சாவுச் செய்தியும் அவசர வியாபாரமும்தான் லைட்னிங்கில் போகும். பதிந்தபின் போனை வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கலாம். முறை வந்ததும் மணி அடிக்கும். நெடுநேரமாகியும் அடிக்காவிட்டால் விசாரணை எண்ணை அழைத்து, பதிவு எண்ணைச் சொல்லி, சீட்டு எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். பொறுக்க முடியாவிட்டால் ரத்து செய்யலாம். பேச்சு மூன்று நிமிடத்தைத் தொட்டதும் ஆபரேட்டர் நடுவில் வந்து நீட்டிக்கட்டுமா என்று கேட்பார்.

அந்த ‘ரெண்டு மணி நேரம்’ வெறும் வாய்க்கு வந்த கணக்கு அல்ல. ஆபரேட்டரின் முன்னால் அந்தத் தடத்துக்கான சீட்டுகள் இருந்தன. அவற்றில் இருபது நிற்கின்றன, கம்பிகள் இரண்டு, ஒரு பேச்சுக்கு இணைக்கும் நேரத்தையும் சேர்த்து நான்கு நிமிடம் என்றால், இருபத்தோராவது ஆளுக்குச் சுமார் 40 நிமிடம். இடையில் ஒரு லைட்னிங் கால் வந்து முன்னால் புகுந்தால் கணக்கு தள்ளிப்போகும். அனுபவமுள்ள ஆபரேட்டர் அதற்கும் கொஞ்சம் சேர்த்தே சொல்வார். இன்றைய கணினிகள் காத்திருப்பு நேரத்தைக் கணிக்கும் அடிப்படை வழியும் இதுவேதான். அந்தச் சீட்டுக் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இந்த வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

ஆபரேட்டர் இல்லாமல் வெளியூர் எண்ணை நேரடியாகச் சுழற்றும் எஸ்டிடி முறை இந்தக் காத்திருப்பை ஒழித்தது. 1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்டிடி தடம் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. ஆபரேட்டரின் தயவு தேவைப்படவில்லை. ஆனால் கம்பிகள் நிரம்பியிருந்தால் வரிசையும் இல்லை, பதிவும் இல்லை. ‘இந்தத் தடத்தில் உள்ள அனைத்து இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன, சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யவும்’ என்ற பதிவுக் குரல் மட்டும் கேட்கும். காரணம் சொல்லப்பட்டது, நேரம் சொல்லப்படவில்லை. அந்தச் சிறிது நேரம் ஐந்து நிமிடமா, ஐந்து மணி நேரமா என்பது டயலைத் திரும்பத் திரும்பச் சுழற்றியவருக்கே தெரிந்தது.

காத்திருப்பைக் கணக்கிடும் கலை இதற்கெல்லாம் முன்பே டென்மார்க்கில் தோன்றிவிட்டது. ஆக்னர் கிராருப் எர்லாங், நியூ ஹேவன் நிலையம் திறந்த அதே 1878 ஜனவரியில் பிறந்தவர். 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். எத்தனை கம்பிகள் போதும், எத்தனை ஆபரேட்டர்கள் போதும் என்பது நிறுவனத்தின் கேள்வி. குறைத்தால் சந்தாதாரர் காத்திருப்பார். கூட்டினால் பணம் வீண். அழைப்புகள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அவை வரும் விதத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று 1909-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். 1917-இல் வந்த அடுத்த ஆய்வில், அழைப்பவர் காத்திருக்க நேரும் வாய்ப்பையும் காத்திருக்கும் சராசரி நேரத்தையும் கணக்கிடும் வாய்பாடுகளைத் தந்தார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு 1946 முதல் அவர் பெயரால் வழங்குகிறது. கால் சென்டர்களில் ஆள் கணக்குப் போடுபவர்கள் இன்றும் அந்த வாய்பாட்டைத்தான் அடிப்படையாகக் கொள்கிறார்கள்.

அந்த வாய்பாடு சொல்லும் செய்தி எளிதாக நம்ப முடியாத ஒன்று. ஒரு மையத்துக்கு மணிக்கு 160 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் எடுக்கிறது என்று கொள்ளலாம். மொத்த வேலை 480 நிமிடம்; 8 பேர் மூச்சுவிடாமல் பேசினால் சரியாக முடிய வேண்டும். ஆனால் அழைப்புகள் சீராக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வருகின்றன. 10 பேரை உட்கார வைத்தால் சராசரிக் காத்திருப்பு சுமார் 37 விநாடி. ஒருவர் விடுப்பு எடுத்து 9 பேரானால் அது கிட்டத்தட்ட 2 நிமிடமாகிவிடும். 8 பேர் மட்டும் என்றால் யாரும் அழைப்பைத் துண்டிக்காதவரை வரிசை வளர்ந்துகொண்டே போகும், முடிவே இல்லை. ஒருவர் இல்லாமல் போவதால் காத்திருப்பு மூன்று மடங்குக்கும் மேல் கூடுவதை வாடிக்கையாளர் எந்த வகையிலும் ஊகிக்க முடியாது. நேற்று அரை நிமிடத்தில் கிடைத்த இணைப்பு இன்று ஏன் கிடைக்கவில்லை என்று அவர் திகைப்பது இயல்பு. நேரத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற கடமை நிறுவனத்தின் மேல் விழுவது இதனால்தான்.

எர்லாங்கின் கணக்கில் காத்திருப்பவர் எவ்வளவு நேரமானாலும் நிற்பார். மனிதர்கள் அப்படி நிற்பதில்லை. அந்தக் குறையை 1940-களில் ஸ்வீடன் நாட்டுக் கோனி பால்ம் நிரப்பினார். ஒவ்வொருவருக்கும் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு, அது தீர்ந்தால் போனை வைத்துவிடுவார். அந்த அளவையும் வாய்பாட்டில் சேர்க்க வேண்டும் என்றார் அவர். காத்திருப்பவரின் எரிச்சல் நேரம் போகப் போக எப்படி ஏறுகிறது என்பதை, அவர் எந்த வேகத்தில் அழைப்பைக் கைவிடுகிறார் என்பதிலிருந்து அளக்கலாம் என்பதும் அவர் கருத்து. பொறுமையை எண்ணாக மாற்றிய இந்தச் சிந்தனை பல பத்தாண்டுகள் கழித்தே கால் சென்டர்களுக்குப் பயன்பட்டது.

அமெரிக்காவில் 1960-களிலும் 1970-களிலும் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, 1967-இல் ஏடி அண்ட் டி தொடங்கிய டோல் ஃப்ரீ எண்கள். பேசுபவருக்குச் செலவில்லை, அழைக்கப்படும் நிறுவனம் கட்டும் என்றானதும் விமான டிக்கெட், விடுதி, விற்பனை எல்லாம் போன் வழியே நடக்கத் தொடங்கின. இரண்டாவது, அழைப்புகளைத் தானே வரிசையில் நிறுத்தி, ஓய்வாக இருக்கும் ஊழியருக்கு அனுப்பும் இயந்திரம். 1973-இல் ராக்வெல் நிறுவனத்தின் கேலக்ஸி என்ற கருவி கான்டினென்டல் ஏர்லைன்ஸின் முன்பதிவுப் பிரிவுக்காக நிறுவப்பட்டது. தானியங்கி அழைப்புப் பகிர்வின் தொடக்கமாக வரலாற்றில் பெரும்பாலும் இதுவே குறிப்பிடப்படுகிறது. முதலில் அழைத்தவருக்கு முதலில் பதில் என்ற நியாயம் இதனால் உறுதியானது. எந்த ஊழியர் எத்தனை அழைப்பு எடுத்தார், யார் எவ்வளவு நேரம் நின்றார் என்ற புள்ளிவிவரமும் மேலாளர் கைக்கு வந்தது.

ஆனால் அந்தப் புள்ளிவிவரம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே தெரிந்தது. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இயந்திரத்துக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரியும். நிற்பவருக்கு மட்டும் தெரியாது. வங்கியிலோ ரேஷன் கடையிலோ வரிசையில் நிற்பவர் எட்டிப் பார்த்து, முன்னால் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். தொலைபேசி வரிசைக்கு முகமில்லை. ட்ரங்க் கால் காலத்தில் ஆபரேட்டரின் குரல் அந்த முகமாக இருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. அன்று காத்திருந்தவர் போனை வைத்துவிட்டுச் சோறு வடிக்கலாம், குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஹோல்டில் நிற்பவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி கட்டுண்டு கிடக்க வேண்டியிருந்தது.

அந்த வெறுமையை நிரப்பியது, அதற்கு முன்பே ஹோல்டில் புகுந்திருந்த இசை. அதன் பிறப்பு ஒரு விபத்து. ஆல்ஃபிரட் லெவி என்ற அமெரிக்கத் தொழிற்சாலை உரிமையாளரின் கட்டடத்தில், தொலைபேசிக் கம்பி ஒன்று இரும்பு உத்திரத்தில் உரசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த வானொலி நிலையத்தின் ஒலிபரப்பை அந்த உத்திரம் வாங்கி, ஹோல்டில் இருந்தவர்களின் காதுக்கு அனுப்பியது. கோளாறைச் சரிசெய்யப் போன லெவிக்கு அதன் பயன் புரிந்தது. 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1966-இல் பெற்றார். இசைக்கு அன்று ஒரு நியாயமான வேலையும் இருந்தது: இணைப்பு அறுந்துவிடவில்லை என்று அது காட்டியது. முழு மௌனத்தில் நிற்பவர் லைன் போய்விட்டது என்று எண்ணி வைத்துவிடுவார். ஆயினும் எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு இசையிடம் பதில் இல்லை. இசை நடுவே நின்று, ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்ற குரல் வரும்போது, ஆள் வந்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஏமாந்தவர்கள் கணக்கற்றவர்கள்.

மேலாளர்கள் தங்களுக்கென்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டார்கள். 80 சதவீத அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது தொழில்துறையில் பரவலாக வழங்கும் இலக்கு. பார்க்க நல்ல இலக்குதான். ஆனால் அதற்குள் ஒரு பொத்தல் உண்டு. 20 விநாடியைக் கடந்துவிட்ட அழைப்பு ஏற்கெனவே தோற்றுவிட்ட அழைப்பு. அது இன்னும் பத்து நிமிடம் நின்றாலும் கணக்கில் கூடுதல் தோல்வி இல்லை. அதிக நேரம் நின்றவரே அதிகம் மறக்கப்படும் அளவுகோல் அது.

நிலைமையை மாற்றியது 1980-களின் உளவியல் எழுத்து. 1985-இல் டேவிட் மெய்ஸ்டர் வரிசைகளின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடிகாரம் காட்டும் நேரம் வேறு, காத்திருப்பவர் உணரும் நேரம் வேறு என்பது அதன் அடிப்படை. எவ்வளவு என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாததும் நியாயமற்றதும் அப்படியே என்று அவர் வகைப்படுத்தினார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் நிர்வாகிகள் படிக்கும் மொழியில் அது எழுதப்பட்டதும், நேரத்தைச் சொல்வது மரியாதை என்பதோடு லாபமும்கூட என்ற எண்ணம் பிறந்தது.

1990-களில் கணினி வழிக் குரலும் அழைப்புப் பகிர்வுக் கருவியும் இணைந்தபோது அறிவிப்பு சாத்தியமானது. வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ட்ரங்க் ஆபரேட்டரின் வழி: பேசிக்கொண்டிருப்பவர்கள் 10 ஊழியர்கள், ஓர் அழைப்புக்கு 3 நிமிடம் என்றால், சராசரியாக 18 விநாடிக்கு ஒருவர் விடுபடுவார், வரிசையில் 12-ஆம் இடத்தில் நிற்பவருக்குச் சுமார் மூன்றரை நிமிடம். மற்றது அதைவிட எளியது: கடைசியாக உள்ளே எடுக்கப்பட்டவர் எவ்வளவு நேரம் நின்றாரோ, அதையே புதிதாக வருபவருக்குச் சொல்வது. ஊழியர் எண்ணிக்கை அடிக்கடி மாறும் இடங்களில் இரண்டாவது வழி நன்றாகவே தாங்குகிறது. ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த வார்ட் விட், 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு பயனைக் காட்டினார். நேரம் தெரிந்தால், காத்திருக்க முடியாதவர் தொடக்கத்திலேயே விலகிவிடுவார். பாதி நேரம் நின்று கசந்து போவது குறையும். வரிசையும் சுருங்கும்; நிற்பவர்களுக்கும் நன்மை.

நடைமுறையில் இந்த அறிவிப்பு தன்னையே குலைத்துக்கொள்ளவும் கூடும். இருபது நிமிடம் என்று சொன்னதும் பலர் வைத்துவிடுகிறார்கள். அதனால் நின்றவர்களுக்கு எட்டே நிமிடத்தில் ஆள் கிடைக்கிறது. அடுத்து வருபவருக்கு எட்டு நிமிடம் என்று சொல்லப்படுகிறது, எல்லோரும் நிற்கிறார்கள், வரிசை மறுபடி நீள்கிறது. சொல்லப்படும் எண் ஊஞ்சல்போல ஆடும். பழைய லைட்னிங் காலின் சிக்கலும் வேறு வடிவில் திரும்பியது. பெரிய கணக்கு வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை தரும் மையங்களில், ஏழாம் இடத்தில் நின்றவர் அடுத்த அறிவிப்பில் ஒன்பதாம் இடத்துக்குப் போய்விடுவார். இடத்தைச் சொன்னால் இந்த உண்மை வெளிப்பட்டுவிடும் என்பதால், அத்தகைய மையங்கள் நிமிடத்தை மட்டும் சொல்வதோ ஒன்றும் சொல்லாமல் விடுவதோ உண்டு. சராசரியைச் சொல்லாமல் சற்றுக் கூட்டிச் சொல்வது நல்லது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. ஐந்து நிமிடம் என்று கேட்டவர் நான்கில் ஆள் கிடைத்தால் மகிழ்கிறார். மூன்று என்று கேட்டவருக்கு அதே நான்கு நிமிடம் ஏமாற்று வேலையாகிறது.

எதைச் சொன்னால் மனிதர்கள் பொறுப்பார்கள் என்பதை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் நிரா முனிகோர், அனாத் ரஃபேலி இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். இசை, மன்னிப்பு, வரிசையில் உள்ள இடம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். இடத்தைக் கேட்டவர்களே மிகக் குறைவாக அழைப்பைத் துண்டித்தார்கள், அவர்களே அதிகத் திருப்தியும் தெரிவித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட மன்னிப்பு அந்த அளவுக்கு உதவவில்லை. எண் குறைந்துகொண்டே வருவது, தான் நகர்கிறேன் என்ற உணர்வைத் தருகிறது. மன்னிப்போ நின்ற இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது.

யார் செலவில் காத்திருப்பு நடக்கிறது என்பதும் இந்த வரலாற்றோடு பின்னியது. டோல் ஃப்ரீ எண்ணில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நிறுவனம் கட்டுகிறது. இந்தியாவில் 1800 என்று தொடங்கும் எண்கள் அப்படிப்பட்டவை. 1860 என்று தொடங்குபவற்றில் அழைப்பவரும் கட்டணம் செலுத்துகிறார். அழைப்பவரே கட்டும் இடத்தில் வரிசையைச் சுருக்க நிறுவனத்துக்கு அவசரம் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் நுகர்வோர் உரிமை ஆணையில், ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தம் பற்றிப் பேச அழைக்கும் வாடிக்கையாளரிடம் அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதித்தது.

இந்தியாவில் கால் சென்டர் தொழில் பெரிதாகத் தலையெடுத்தது 1997-இல் ஜிஇ கேப்பிட்டல் குர்காவ்னில் தொடங்கிய மையத்தின் வழியாக. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் காத்திருப்பு இங்கே விநாடிக் கணக்கில் அளக்கப்பட்ட பிறகுதான், உள்நாட்டு வாடிக்கையாளரின் காத்திருப்பும் விதிக்குள் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த சேவைத் தர விதிகள், வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு வரும் 100 அழைப்புகளில் 95-ஐ 90 விநாடிக்குள் ஊழியர் எடுத்துப் பேச வேண்டும் என்கின்றன. இந்த அளவுகோல் எவ்வளவு நேரத்தில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. மீதி ஐந்து பேரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் அடங்கவில்லை. அவர்களுக்குத்தான் அந்தச் சொல் மிகவும் தேவை.

1995-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய வெர்ச்சுவல் ஹோல்டு டெக்னாலஜி என்ற நிறுவனம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. எத்தனை நிமிடம் என்று சொல்லிவிட்டு, காத்திருக்க விருப்பமா, முறை வரும்போது நாங்களே அழைக்கட்டுமா என்று கேட்கும் ஏற்பாடு அது. வாடிக்கையாளர் போனை வைத்துவிடலாம். வரிசையில் அவருடைய இடம் மட்டும் நிற்கும். பதிவு, நேரக் கணிப்பு, போனை வைப்பது, மணி அடிப்பது என எல்லாம் பழைய ட்ரங்க் புக்கிங்கின் அதே படிகள். சீட்டு இருந்த இடத்தில் கணினி நினைவகம் இருந்தது, அவ்வளவுதான். கைபேசி வந்தபின் வாடிக்கையாளர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது.

அழைப்பவர் பக்கமும் இயந்திரம் வந்தது. 2020-இல் கூகுள் தன் பிக்சல் போன்களில், ஹோல்டில் தானே நின்று ஊழியர் வந்ததும் உரிமையாளரைக் கூப்பிடும் வசதியைச் சேர்த்தது. மறு ஆண்டு, சில டோல் ஃப்ரீ எண்களில் எந்த நேரம் எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதை அழைக்கும் முன்பே திரையில் காட்டியது. நிறுவனம் சொல்லாததை வாடிக்கையாளரின் கருவி கண்டு சொல்லத் தொடங்கியது.

திரும்ப அழைக்கும் முறைக்கு இந்தியாவில் தனி இடையூறு ஒன்று உண்டு. மோசடி அழைப்புகளும் விளம்பர அழைப்புகளும் பெருகியதால், தெரியாத எண் என்றாலே பலர் எடுப்பதில்லை. அரை மணி நேரம் இடம் பிடித்து வைத்தவர், அந்த அழைப்பு வரும்போது சந்தேகத்தோடு துண்டித்துவிடுகிறார். வரிசையின் கடைசிக்குப் போகிறார். 2024-இல் தொலைத்தொடர்புத் துறை, சேவை தொடர்பான அழைப்புகளுக்கென 160 என்று தொடங்கும் எண் வரிசையை ஒதுக்கியது. 140 விளம்பரத்துக்கு என்றாகிவிட்டது. திரையில் 160 என்று தெரிந்தால் எடுத்துப் பேசலாம் என்ற பழக்கம் மக்களிடையே ஊன்றினால், ட்ரங்க் கால் மணிக்குக் கிடைத்த நம்பிக்கை இந்த மணிக்கும் கிடைக்கும்.